அரிக்கிற இடத்தைப் பாருங்கள்

வடாலாவில் எங்கள் வகுப்பு இரவு எட்டரை மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் வைத்தால் யாரும் வர முடியாது. தண்ணீர் பிடிக்க வேண்டும். சோறு பொங்க வேண்டும். பிள்ளைகளைச் சாப்பிட வைக்க வேண்டும். எட்டரைக்குப் பாயை விரித்தால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து உட்காருவார்கள். எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள். மூன்று பாடப் புத்தகங்களையும் முடித்தவர்கள். படித்தது மறந்து போகாமல் இருக்கத்தான் இந்த வகுப்பு.

அவர்களில் ஒரு அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாதுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால், நடந்ததை எழுதச் சொன்னார்.

மே மாதம். நல்ல புழுக்கம். அந்த அக்கா சிலேட்டைக் கீழே வைப்பார். முந்தானைக்குள் கையை விட்டுச் சொறிவார். மறுபடி சிலேட்டை எடுப்பார். ஒரு வரி எழுதுவதற்குள் நான்கு முறை சொறிவார்.

"என்னக்கா, வேர்க்குருவா?" என்று கேட்டேன்.

"வேர்க்குரு இல்ல டீச்சர். மூணு மாசமா இருக்கு. என்னன்னே தெரியல" என்றார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். நெஞ்சின் நடுவில் சிவந்து தடித்திருக்கிறது. சின்னச் சின்னக் கொப்புளம். சொறிந்தால் நீர் கசிகிறது. இடது மணிக்கட்டிலும் அப்படியே. இரவில் தூங்க முடியவில்லை.

பார்ப்பவர்கள் எல்லாம் ஒவ்வொன்று சொன்னார்கள். "கத்திரிக்காய் சாப்பிடாதே, கரப்பான்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அக்கா கத்திரிக்காயை விட்டார். "கருவாடு ஆகாது" என்றார் இன்னொருவர். கருவாட்டையும் விட்டார். பிறகு முட்டை. பிறகு மீன். கடைசியில் ரசமும் மோரும்தான் மிச்சம். ஆள் இளைத்துப் போனார். அரிப்பு மட்டும் இளைக்கவில்லை.

மெடிக்கலில் போய்க் கேட்டார். கடைக்காரர் ஒரு டியூப் கொடுத்தார். தடவினார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. அக்காவுக்குச் சந்தோஷம். தடவுவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி டியூப் வாங்கினார். மறுபடி நின்றது. மறுபடி வந்தது. இப்படி ஐந்து டியூப் தீர்ந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாமே அக்கா?"

அக்கா பேசவில்லை. பாயைப் பார்த்தபடி இருந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் சொன்னார். அந்தத் தடிப்பு தாலி படும் இடத்தில் இருக்கிறது. மாமியார் பயந்து போயிருக்கிறார். "தாலி இருக்க எடத்துல அரிக்குதுன்னு வெளியே சொல்லாத. புருசனுக்கு ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று அக்காவுக்கும் பயம். அதனால்தான் மூன்று மாதம் மறைத்து வைத்தார்.

அந்த டியூபைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரிப்பை உடனே நிறுத்தும் டியூப்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு என்ற மருந்து இருக்கும். அது கெட்ட மருந்து இல்லை. டாக்டர் பார்த்து, இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தால் நல்ல மருந்து. நாமே வாங்கி மாதக் கணக்கில் தடவினால் தோல் மெலிந்து போகும். உள்ளே இருக்கும் நரம்பு சிவப்புக் கோடாகத் தெரியும். முகத்தில் தடவினால் பரு வரும். முடி முளைக்கும். படர்தாமரை மேல் தடவினால் இன்னும் மோசம். அரிப்பு அடங்கியது போல இருக்கும். உள்ளுக்குள் படர்தாமரை கை கால் எல்லாம் பரவும். இந்தியா முழுவதும் இந்தத் தொல்லை பெருகியது. அதனால் 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பதினான்கு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. நாம் கேட்கிறோம், அவர்கள் கொடுக்கிறார்கள்.

பானை ஒழுகுகிறது. கீழே துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தால் ஒழுகல் நிற்குமா? எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டாமா?

நாங்கள் ஓட்டையைத் தேடினோம்.

மறுநாள் அக்காவிடம் நான்கு வெள்ளைத் தாள் கொடுத்தேன். "ஒரு வாரத்துக்குத் தினமும் எழுதுங்கள். எங்கே அரித்தது? எப்போது அரித்தது? அன்று என்ன வேலை செய்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? பெரிதாக எழுத வேண்டாம். இரண்டு வரி போதும்" என்றேன்.

அக்கா அதுவரை கையெழுத்தும் கடிதமும்தான் எழுதியிருக்கிறார். தன் உடம்பைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் முறை. அவர் எழுதியது இது. எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

ஞாயிறு. வீட்டில் இருந்தேன். நெஞ்சு அரிப்பு. இடது கை அரிப்பு. கருவாடு தொடவில்லை.

திங்கள். மூன்று வீட்டு வேலை. நிறைய வேர்வை. ராத்திரி நெஞ்சு அரிப்பு ரொம்ப. தூக்கம் இல்லை.

செவ்வாய். வேண்டும் என்றே கத்திரிக்காய் தின்றேன். அரிப்பு நேற்றுப் போலத்தான்.

புதன். கத்திரிக்காய் தின்றேன். அதே அரிப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வியாழன். ஒரு வீட்டில் லீவு. குளித்துவிட்டு ஃபேன் காற்றில் படுத்தேன். அரிப்பு கொஞ்சம் குறைவு.

செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள். வேண்டும் என்றே தின்றிருக்கிறார்! நான் சொல்லித் தரவில்லை. அவருக்கே தோன்றியிருக்கிறது. பாவம் கத்திரிக்காய், மூன்று மாதமாக வீண்பழி சுமந்தது.

நான் சோப்புத் தூளைச் சந்தேகப்பட்டேன். மூன்று வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவர் அல்லவா? ஆனால் அது தப்பு. சோப்பு என்றால் முதலில் விரல்தான் கெட வேண்டும். விரல் இடுக்கு வெடிக்க வேண்டும். அக்காவின் விரல்கள் நன்றாக இருந்தன. வலது கைதான் அதிகம் தேய்க்கிறது. தடிப்போ இடது மணிக்கட்டில். இது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கரும்பலகையில் ஒரு பெண்ணின் உருவம் வரைந்தேன். நெஞ்சின் நடுவில் ஒரு வட்டம். இடது மணிக்கட்டில் ஒரு வட்டம். வேறு எங்கும் இல்லை. எல்லோரும் அந்தப் படத்தையே பார்த்தோம்.

வகுப்பில் ஒரு பாட்டி உண்டு. எழுத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் வருவார். அவர்தான் கேட்டார்.

"ஏளா, அந்த ரெண்டு எடத்துலயும் உனக்கு என்னது தொங்குது?"

அக்கா கையைத் தூக்கினார். இடது கை வளையலில் மூன்று ஊக்குகள் தொங்கின. முந்தானைக்குள்ளிருந்து தாலிக் கயிற்றை எடுத்தார். அதில் ஐந்து ஊக்குகள்.

நம் வீடுகளில் இது வழக்கம்தானே. அவசரத்துக்கு ஊக்கு வேண்டும். சேலைக்குக் குத்த வேண்டும். பிள்ளையின் சட்டைப் பொத்தான் அறுந்தால் குத்த வேண்டும். தேடாமல் கிடைக்கட்டும் என்று தாலியிலும் வளையலிலும் கோத்து வைக்கிறோம். எனக்கும் இரண்டு ஊக்கு தொங்கிக் கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அதைக் குனிந்து பார்த்தேன்.

ஊக்கு இரும்புக் கம்பியால் செய்வது. துருப் பிடிக்காமல் இருக்க, பளபளப்பாக இருக்க, மேலே ஒரு பூச்சுப் பூசுவார்கள். பல ஊக்குகளில் அந்தப் பூச்சு நிக்கல் என்ற உலோகம். கவரிங் நகை, கடிகாரப் பட்டையின் கொக்கி, பேண்ட் பொத்தான் ஆகியவற்றிலும் நிக்கல் இருப்பதுண்டு. வேர்வை பட்டால் நிக்கல் துளித் துளியாகக் கரையும். கரைந்தது தோலுக்குள் இறங்கும். உலகம் முழுவதும் நிக்கலால் தோல் அரிப்பு வருகிறவர்கள் ஏராளம். அதிலும் பெண்கள்தான் அதிகம். தோலில் படும் பொருளிலிருந்து இவ்வளவுக்கு மேல் நிக்கல் கரையக் கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 1994-ல் சட்டமே போட்டன.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "பதினோரு வருசமா இதே மாதிரிதான் மாட்டியிருக்கேன் டீச்சர். அப்பல்லாம் வராதது இப்ப எப்படி வரும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. காரணம் கண்டுபிடிக்க முடியாமல் பலர் தவிப்பது இந்த இடத்தில்தான். புதிதாக எதையாவது தின்றோமா, புதிதாக எதையாவது போட்டோமா என்றே தேடுகிறோம். பழைய பொருளைச் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஒவ்வாமை அப்படி வேலை செய்வதில்லை. நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. ஒரு பொருள் திரும்பத் திரும்பத் தோலில் படுகிறது. வருஷக் கணக்கில் காவல் படை சும்மா இருக்கும். ஒரு நாள் அந்தப் பொருளை எதிரி என்று முடிவு கட்டிவிடும். அதன் அடையாளத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எப்போது பட்டாலும் சண்டைதான். அந்தச் சண்டைதான் சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம். பதிந்த அடையாளம் பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த அரிப்பு பட்ட உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வரும். இன்றைக்குப் பட்டது நாளை மறுநாள் அரிக்கும். நாமோ அன்றைய சாப்பாட்டைக் குற்றம் சொல்கிறோம். அதனால்தான் தினமும் எழுதி வைப்பது உதவுகிறது. எழுதியிருந்தால் முந்தாநாள் என்ன செய்தோம் என்று பார்க்கலாம்.

அன்று இரவே அக்கா எட்டு ஊக்குகளையும் கழற்றினார். தாலியைக் கழற்றவில்லை. அதற்கு அவசியமே இல்லை. ஊக்குகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். முதல் வாரம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் வாரம் கசிவு காய்ந்தது. மூன்றாம் வாரம் நன்றாகத் தூங்கினார். டியூப் தடவவே இல்லை.

மாமியார் மட்டும் நம்பவில்லை. "வெயில் கொறஞ்சிட்டு, அதான் கொறஞ்சிட்டு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அதற்குள் மழை தொடங்கியிருந்தது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஒரே ஒரு ஊக்கை எடுத்து மறுபடி இடது வளையலில் மாட்டினார். மூன்றாம் நாள் மணிக்கட்டில் அதே இடம் சிவந்தது. கையை மாமியார் முன்னால் நீட்டினார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தன் தாலியில் இருந்த ஊக்குகளையும் கழற்றி வைத்தார்.

அக்கா செய்தது துணிச்சலான காரியம். எல்லோரும் செய்ய வேண்டாம். புண் இருக்கும்போது செய்யவே கூடாது. பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்று ஒரு சோதனை இருக்கிறது. சந்தேகப்படும் பொருள்களைத் துளித் துளியாக வைத்து முதுகில் பட்டை ஒட்டுவார்கள். இரண்டு நாள் குளிக்காமல் அப்படியே இருக்க வேண்டும். பிறகு பட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த ஒன்றிரண்டு நாளில் இன்னொரு முறை பார்ப்பார்கள். எந்தப் பொருளுக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதோ அதுதான் எதிரி.

அரிக்கும் இடத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது பாட்டி மட்டும் செய்த காரியம் இல்லை. அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பழைய சம்பவம் சொன்னேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். வருஷம் 1943. அசாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் முகாம் போட்டிருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் வந்தன. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தொடை இடுக்கில் வரும் படர்தாமரைக்கு 'டோபி சொறி' என்று பெயர் வைத்திருந்தார்கள். டோபி என்றால் சலவைத் தொழிலாளி. அவர் துணி துவைப்பதால்தான் வருகிறது என்று நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு வகைப் பூஞ்சைக் காளானால் வருவது. சலவைத் தொழிலாளி மேல் வெறும் பழி. சிப்பாய்களுக்கு வந்ததும் அதுதானா?

ஆனால் இடம் பொருந்தவில்லை. சிலருக்குப் பிடரியில் தடிப்பு. சிலருக்கு இடுப்பில். அங்கே எது படுகிறது? சட்டைக் காலர், கால்சட்டைப் பட்டி. அந்தத் துணியைத் திருப்பிப் பார்த்தார்கள். தடிப்பு இருந்த இடத்துக்கு நேராக ஒரு சிறிய கறுப்புக் குறி இருந்தது.

சலவைக்குப் போட்ட துணி யாருடையது என்று தெரிய வேண்டும். அதற்காகக் குறி போடுவார்கள். குறி போடும் மை சேங்கொட்டையிலிருந்து வருகிறது. நம் ஊரில் சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். மராத்தியில் பிப்பா. மும்பைக் கடை வாசலில் எலுமிச்சம் பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்க விடுகிறார்களே, அதோடு சில சமயம் ஒரு கறுப்புக் கொட்டையும் இருக்கும். அதுதான். கொட்டையை ஊசியால் குத்தினால் பால் வரும். துணியில் வைத்தால் கறுத்துவிடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அதில் சுண்ணாம்பு சேர்த்துப் போடுவதும் உண்டு. அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும்.

அமெரிக்கர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு? அவர்கள் ஊரில் ஒரு விஷக் கொடி உண்டு. அதன் சாறும் சேங்கொட்டைப் பாலும் ஒரே வகை. சின்ன வயதிலேயே அந்தக் கொடியில் பட்டு, அவர்களின் காவல் படை அடையாளத்தைப் பதிந்து வைத்திருந்தது. இங்கே வந்து சட்டை போட்டதும் சண்டை தொடங்கிவிட்டது. டாக்டர் லிவிங்குட் என்பவரும் உடன் இருந்தவர்களும் இதைக் கண்டுபிடித்து அதே வருஷம் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள்.

"மாங்காய்ப் பால் பட்டா வாய் ஓரம் வெந்து போகுதே, அதுவும் இதுதானா?" என்று பாட்டி கேட்டார். இதுதான். மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். ஊரில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல் கறுத்து உரிவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சேங்கொட்டையைச் சித்த மருந்தில் சேர்ப்பார்கள். அதைச் சுத்தி செய்யத் தெரிந்தவர்கள் செய்வார்கள். வீட்டில் யாரும் எடுத்துப் பூச வேண்டாம்.

அன்று வகுப்பில் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆளாளுக்கு ஒரு அரிப்பைச் சொன்னார்கள்.

ஒருவருக்கு நெற்றி நடுவில் அரிப்பு. அங்கேயே தோல் வெளுத்தும் வருகிறது. நெற்றி நடுவில் என்ன இருக்கிறது? ஸ்டிக்கர் பொட்டு. பொட்டின் பின்னால் உள்ள பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு இப்படிச் செய்யும். பொட்டை விட்டுவிட்டுக் குங்குமம் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொருவரின் வீட்டுக்காரருக்கு மாதம் ஒரு முறை காதோரமும் கழுத்தும் வீங்கும். மாதம் ஒரு முறை அவர் வேறு என்ன செய்கிறார்? எல்லோரும் சிரித்துவிட்டோம். தலைக்குச் சாயம் பூசுகிறார். கறுப்புச் சாயத்தில் இருக்கும் மருந்து சிலருக்கு ஆகாது. ஆகாது என்று தெரிந்த பிறகும் பூசினால் கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கலாம். அப்படி வீங்கியவர்கள் உண்டு. நரை ஒன்றும் வலிக்காது.

ஓட்டலுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பவருக்கு இடது கை விரல் நுனி மட்டும் வெடிக்கிறது. வலது கையில் கத்தி, இடது கையில் பூண்டு. அவ்வளவுதான் கணக்கு. கொத்தனார் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கையும் காலும் அரித்து வெடிக்கும். சிமெண்டில் குரோமியம் என்ற ஒரு பொருள் இருக்கிறது. ஈரச் சிமெண்டு காய்வதற்குள் கையைக் கழுவுவதும், ரப்பர் பூட்ஸ் போடுவதும் உதவும். பூட்ஸ் போடுவதாக இருந்தால் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். அதை வாங்கித் தருவது அவர் கடமை.

உடம்பின் எந்த ஒரு பொருளும் படாத இடத்தில் வருகிறதே என்று கேட்பீர்கள். புனேயில் அப்படி ஒன்று நடந்தது. முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு. துணி மூடாத இடம் எல்லாம் அரிப்பு. அங்கே என்ன படுகிறது? காற்று படுகிறது. காற்றில் என்ன வருகிறது? வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு களைச் செடி 1950-களின் நடுவில் புனேப் பக்கம் பரவத் தொடங்கியிருந்தது. வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூ பூக்கும். இலை கேரட் இலை போல இருக்கும். பார்த்தீனியம் என்று பெயர். செடி காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கிறது. புனே டாக்டர் லோங்கரும் இரண்டு வெளிநாட்டு டாக்டர்களும் 1974-ல் இதைப் பற்றி விளக்கமாக எழுதினார்கள். இன்று அந்தச் செடி நாடு முழுக்க இருக்கிறது. ரயில் பாதை ஓரமும் காலி மனையும் அதற்குப் பிடித்த இடங்கள். பிடுங்குவதாக இருந்தால் வெறும் கையால் பிடுங்காதீர்கள்.

எல்லா அரிப்பும் வெளியே இருந்து படுவதால் வருவதில்லை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்கும் அரிக்கிறதா? ராத்திரியில் அதிகமா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி வருகிறதா? அது சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டை இடுகிறது. 1834-ல் பாரிஸ் நகரத்தில் பெரிய டாக்டர்கள் இந்தப் பூச்சி உண்டா இல்லையா என்று வாதாடிக் கொண்டிருந்தார்கள். கோர்சிகா என்ற தீவிலிருந்து வந்த ஒரு மாணவர் ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டினார். எங்கே கற்றார்? அவருடைய ஊரில் ஏழைப் பெண்கள் அப்படித்தான் எடுப்பார்கள். பார்த்துக் கற்றுக்கொண்டார்.

சிரங்குக்கு டாக்டர் தரும் மருந்தை அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் போதாது. கழுத்திலிருந்து கால் விரல் வரை தடவ வேண்டும். ஒரே ராத்திரியில் வீட்டில் உள்ள எல்லோரும் தடவ வேண்டும், அரிப்பு இல்லாதவரும்கூட. துணியையும் போர்வையையும் அதே நாளில் துவைக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் நமக்கு, ஒருவரை விட்டாலும் பூச்சி திரும்பி வரும்.

வட்ட வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து இருந்தால் படர்தாமரை. அதற்கு மருந்து வேறு. இந்த இரண்டுக்கும் மெடிக்கல் டியூப் சரிப்படாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் வடாலாவிலேயே ஆக்வொர்த் மருத்துவமனை இருக்கிறது. 1890-ல் தொடங்கியது. தொழுநோய்க்கான மருத்துவமனை. பெயரைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டாம். அரிக்கிற தடிப்பைப் பார்த்துத் 'தொழுநோயோ' என்று பயந்து ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். தொழுநோய்த் தேமல் பொதுவாக அரிக்காது. நிறம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும். தொட்டால் தெரியாது. குத்தினால் வலிக்காது. அரிக்கிறதே என்று அழுகிறோம். அரிக்காமல், தொட்டும் தெரியாமல் இருப்பதைத்தான் 'வலிக்கவில்லையே' என்று விட்டுவிடுகிறோம். அதை விடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் தீரும். சீக்கிரம் போனால் கை கால் ஊனம் வராது.

டாக்டரிடம் போகும்போது எழுதிய தாளைக் கொண்டு போங்கள். சயான் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நின்று உள்ளே போனால் டாக்டர் உங்களைப் பார்க்கும் நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் மூன்று மாதக் கதையைச் சொல்ல முடியாது. தாளை நீட்டினால் ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவார். தமிழ் தெரியாத டாக்டர் என்றால், கூட வரும் பிள்ளை இந்தியில் படித்துச் சொல்லலாம். இதுவரை தடவிய டியூப்களைத் தூக்கி எறியாதீர்கள். காலி டியூபையும் கொண்டு போய்க் காட்டுங்கள்.

சில நேரம் தாள் எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது. உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், புது மாத்திரை சாப்பிட்ட பிறகு உடம்பெல்லாம் கொப்புளித்தால், வாய்க்குள் புண் வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நடுராத்திரியாக இருந்தாலும் சரி.

அக்கா இப்போது கத்திரிக்காய் சாப்பிடுகிறார். கருவாடும் சாப்பிடுகிறார். ஊக்குகள் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் நூல் கட்டித் தொங்குகின்றன. "அவசரத்துக்குத் தேட வேண்டியிருக்கு டீச்சர், அது ஒண்ணுதான் கஷ்டம்" என்றார்.

எழுதிப் பாருங்கள்

இந்தப் பக்கத்தின் கீழே ஓர் ஆள் உருவம் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ அரிப்பு இருந்தால், அந்த இடத்தில் வட்டம் போடுங்கள். அந்த இடத்தில் தினமும் படும் பொருள்களின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். துணி, நகை, செருப்பு வார், சோப்பு, எண்ணெய், வேலை செய்யும் பொருள் எதையும் விட வேண்டாம். பத்து வருஷமாகப் பயன்படுத்துவதையும் எழுதுங்கள்.

உங்கள் வகுப்பில் பத்துப் பேர் இருந்தால், எத்தனை பேர் தாலியில் ஊக்கு தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.